ஹீலோவில் ஹூலா வாரம்

ஹீலோ, ஹவாய்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நலம். மழைதான் இன்னும் விடவில்லை.

போன வாரம் முழுக்க நான் போன் பண்ணவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். மெர்ரி மோனார்க் என்ற ஹூலா நடன விழா அம்மா. ஈஸ்டரன்று தொடங்கி ஒரு வாரம், ஊரே அதில்தான் இருந்தது.

ஹூலா என்றால் ஓட்டலில் சுற்றுலா வந்தவர்களுக்காக ஆடுவது என்றே நினைத்திருந்தேன். தப்பு. பழைய முறை ஆட்டத்துக்கு காஹிகோ என்று பேர். ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திய இரண்டு சுரைக்குடுக்கைகளைத் தட்டிக்கொண்டே குரு பாடுகிறார். பாட்டின் சொல்லைத்தான் கைகள் காட்டுகின்றன. மொழி தெரியாமல் அந்த ஆட்டம் இல்லை.

அந்த ஹவாய் மொழியும் இந்த ஆட்டமும் என்ன பாடு பட்டிருக்கின்றன! 1830இல் காஅஹுமனு ராணி, கிறிஸ்தவரான பிறகு, பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை போட்டார். கலாகௌவா மன்னர் 1883இல் தன் முடிசூட்டு விழாவிலேயே ஆடவைத்தார். மெர்ரி மோனார்க், அதாவது குஷியான மன்னர், என்ற அவருடைய பட்டப்பெயர்தான் இந்த விழாவுக்கு. பத்தே வருஷத்தில் ஹவாய் மன்னராட்சியே கவிழ்க்கப்பட்டுவிட்டது. 1896இல் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்தான் என்று சட்டம் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பாட்டி வகுப்பில் தன் மொழியைப் பேசி அடி வாங்கினாராம். அப்புறம் பெற்ற பிள்ளைகளிடம்கூட அதில் பேசவில்லை. ஆன்ட்டி நாற்பது வயதுக்கு மேல் ஹூலா வகுப்பில் சேர்ந்துதான் அதைக் கற்றிருக்கிறார். இப்போது பேத்தி ஹவாய் மொழியிலேயே நடக்கும் பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

புதன்கிழமை இரவு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆன்ட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை காஹிகோ போட்டியை அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் எனக்கு அர்த்தம் சொன்னார், சில இடங்களில் குரல் அடைத்துக்கொண்டது.

லேஹுவா என்று ஒரு சிவப்புப் பூ, ஹூலாவுக்கு அவ்வளவு முக்கியம். அது பூக்கும் ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கொன்றுகொண்டிருக்கிறது. அதனால் பல குழுக்கள் அந்தப் பூவைப் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். வேறு இலை பறிக்கக் காட்டுக்குப் போனாலும், காலணியைத் தேய்த்து, ஆல்கஹால் தெளித்து, உள்ளே வரலாமா என்று பாடிக் கேட்டுவிட்டுத்தான் நுழைகிறார்கள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நேற்று ஆன்ட்டி எனக்கு மாலை கட்டச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் ஊரில் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார். வாழைநாரை எடுத்தேன், இரண்டாவது முடிச்சு கை வரவில்லை அம்மா. வரும் ஞாயிறு வீடியோ காலில் கொஞ்சம் மல்லிகை வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடுத்துக் காட்டு. ஆன்ட்டியும் பக்கத்தில் இருப்பார்.

உன் அன்பு மகள்