பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் கோச்மாருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்கும் தமிழ்த் தம்பிமாருக்கு,

வணக்கம். உயரமான பிள்ளைகளை இடி, இடி என்று மட்டும் சொல்வதைப் பற்றித் தலைமைக் கோச்மாரோடு அரீனா வாசலில் ஆங்கிலத்தில் பலமுறை கதைத்துப் பார்த்துவிட்டேன். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உதவிக் கோச்சாக நிற்கும் நீங்கள் சொன்னால் ஒருவேளை காதில் ஏறும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 14 வயது. ஒரே கோடையில் நாலு அங்குலம் வளர்ந்து இப்போது ஆறடி இரண்டு. டிஃபென்ஸ் ஆடுகிறான். அவன் வளர்ந்த நாளிலிருந்து கேட்பது ஒரே வசனம்: "இன்னும் ஃபிசிக்கலா ஆடு."

போன மாதம் ஒரு மட்ச். இரண்டாவது பீரியட், ஸ்கோர் இரண்டுக்கு இரண்டு. எதிரணி விங்கர், ஓரத்தில் ஆடுபவன், போர்ட் எனும் சுற்றுச் சுவர் ஓரமாகப் பக்கோடு (ஆடும் இறப்பர் வட்டு) வருகிறான். மகன் பின்னோக்கி ஸ்கேட் பண்ணியபடி ஸ்டிக்கை நீட்டி, அவனை மெல்ல மெல்ல மூலைக்கு ஒதுக்குகிறான். அந்தப் பையனுக்குப் போக இடமே இல்லை. அந்த நேரம் பெஞ்சில் இருந்து "ஹிட் ஹிம்!" என்று ஒரு சத்தம். மகன் பாய்ந்தான். விங்கர் உள்பக்கமாக நழுவினான். கோல்.

அடுத்த ஷிஃப்டில் சொன்னபடி அடித்தான். அடிபட்ட பையன் அவன் நெஞ்சளவு உயரம்; தோள் போய் நாடியில் பட்டது. தலையில் பட்டால் தற்செயல் என்றாலும் தண்டனைதான், உங்களுக்குத் தெரியாததல்ல. பெனல்டி பொக்ஸில் இருந்த இரண்டு நிமிடமும் மகன் பக்கைப் பார்க்கவில்லை, ஐஸில் முழங்காலில் விழுந்த அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் வரும்போது சொன்னான்: "அப்பா, எப்பிடிச் செய்யிறதெண்டு ஒருத்தரும் காட்டேல்ல. செய் எண்டு மட்டும் சொல்லினம்."

எனக்கு ஹொக்கி தெரியாது என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்தவன்தான், ஆனால் ஒன்பது வருடமாக விடியற்காலை ஐந்தரைக்குக் குளிரில் நடுங்கி நடுங்கிப் பார்த்துப் பழகியிருக்கிறேன். 11, 12 வயதுப் பிள்ளைகளின் பீவீ பிரிவில் செக்கிங், அதாவது உடம்பால் இடித்துத் தடுப்பது, வேண்டாமென்று ஹொக்கி கனடா 2013இல் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அதன் பிறகு வருகிற பிள்ளைக்குச் செக் கொடுக்கவும் வாங்கவும் யாரோ பழக்க வேண்டும். முழங்கால் எவ்வளவு மடிய வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும், தன்னைவிடக் குள்ளமானவனை எந்த உயரத்தில் சந்திப்பது? உயரமான பிள்ளைக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. ஆறு மாதமாக ஒரு பயிற்சியிலும் இதைக் காணவில்லை.

உயரம் என்றால் முதலில் கை நீளம், ஸ்டிக் எட்டும் தூரம். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கரோலினா அணியின் டிஃபென்ஸ் வீரர் ஜேக்கப் ஸ்லாவின் ஆறடி மூன்று. 2020-21 சீசனில் 52 ஆட்டங்களில் அவர் வாங்கிய தண்டனை மொத்தம் இரண்டே நிமிடம். அந்த வருடம் கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருதும் அவருக்குத்தான். அவரை யாராவது 'சொஃப்ட்' என்பார்களா? ஆறடி ஆறு விக்டர் ஹெட்மன் 2009இல் என்ஹெச்எல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகத் தெரிவானவர். சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நொரிஸ் விருது கைக்கு வந்தது 2018இல்தான். பெரிய உடம்பு தன்னைத் தானே விளங்கிக்கொள்ள அவ்வளவு காலம் எடுக்கிறது.

உயரமான டிஃபென்ஸ் வீரர்கள் என்று ஸ்டேனோ சாராவைக் காட்டுவீர்கள், கிறிஸ் பிரோங்கரைக் காட்டுவீர்கள். சரி, அவர்கள் இடித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு நித்திரை வராத இரவுகளில் ஞாபகம் வருவது டெரெக் பூகார்ட். என்ஹெச்எல்லில் 277 ஆட்டங்கள், மூன்றே கோல்கள். அந்த உடம்பை வைத்து அவரிடம் எதிர்பார்த்தது சண்டை மட்டும்தான். 2011இல், 28 வயதில் செத்துப்போனார். மூளையைப் பரிசோதித்தபோது அடிபட்டு அடிபட்டு வரும் சிடிஇ நோய் இருந்தது. என் மகன் அந்த வழியில் போகிறான் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்து வேலையைத் தீர்மானிக்கும் பழக்கம் எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

மகன் அடிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. மூலையில் பக்குக்காக முட்டுப்படட்டும், நெட்டுக்கு முன்னால் நிற்பவனைத் தள்ளி எடுக்கட்டும். பயிற்சியில் பத்து நிமிடம், கிழமைக்கு ஒருமுறை, ஆளை ஒதுக்குவதையும் தோள் கொடுப்பதையும் மெதுவாக, பக் இல்லாமல் பழக்குங்கள். ஆட்டத்தின் நடுவில் அவன் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போது கத்தாதீர்கள். பிள்ளையின் முன்னால் 'சொஃப்ட்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கிறான்.

வியாழன் காலை வழமைபோல வருவோம். ஐஸ் துடைத்து முடிய முதலே அவன் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு நிற்பான். அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மேல் வரிசையில் கம்பளிக்குள் இருக்கும் ஒரு அப்பா