பாண்ட் குழுவுக்கு இன்னொரு பேஸ் ட்றம் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் மனமுவந்து கருவிகள் வாங்கிக் கொடுக்கின்றன. பணத்தின் பெரும்பகுதி ட்றம்களுக்கே போகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டியோடு நின்றுவிடாமல், ட்றம் அடிக்கும் பிள்ளை நாளை சிம்பனி இசைக்குழுவில் வாசிக்கவோ தாளவாத்தியம் கற்பிக்கவோ வேண்டும் என்று நினைத்தால் வாங்கும் பட்டியலை மாற்ற வேண்டும்.

சிம்பனி இசைக்குழுவில் தாளவாத்தியக்காரர் ஒரே கருவியோடு நிற்பதில்லை. சைட் ட்றம், பேஸ் ட்றம், சிம்பல், சுரத்துக்கொரு மரச்சட்டம் கொண்ட சைலபோன், உலோகச்சட்டங்கள் கொண்ட குளொக்கன்ஸ்பீல் எல்லாம் அவர் கைக்கு வரவேண்டும். சுருதி கூட்டக்கூடிய பெரிய கிண்ண வடிவ ட்றம்களான டிம்பனிக்கு மட்டும் வழமையாகத் தனி ஆள். பிரித்தானிய இசைப் பரீட்சை அமைப்பான றோயல் ஸ்கூல்ஸ் சபையின் ஒருங்கிணைந்த தாளவாத்தியப் பரீட்சையும் சைட் ட்றம், டிம்பனி, சுரம் ஒலிக்கும் கருவிகள் மூன்றையும் சேர்த்தே கேட்கும். அணிநடைத் தாளத்தை மட்டும் வருடக்கணக்கில் அடித்த பிள்ளைக்கு ஐந்து கோட்டில் எழுதிய சுரம் வாசிக்கத் தெரியாது. டிம்பனியின் சுருதியைக் காதால் பிடித்துக் கூட்டவும் வராது. ஆகவே நாலாவது பேஸ் ட்றம்முக்குப் பதில் குளொக்கன்ஸ்பீல் ஒன்று வாங்குங்கள். அணிநடையிலும் அது பயன்படும்.

இருக்கிற சைட் ட்றம்களின் நிலையும் கவலைக்குரியது. மிருதங்கத் தோலுக்குச் செய்வதுபோல ட்றம்மை வெயிலில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. இப்போதைய ட்றம் தோல் பிளாஸ்டிக். அதற்கு வெயில் காட்டிப் பயனில்லை. மரக் கூட்டின் ஒட்டுப்பசைதான் இளகிவிடும். தோலை இறுக்க வேண்டியது திருகாணியால். முதலில் எல்லாத் திருகாணிகளையும் விரலால் முட்டும்வரை திருகுங்கள். பிறகு சாவியால் ஒரு திருகாணியை மட்டும் கால் சுற்றுத் திருகுங்கள். அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. வரிசையாகச் சுற்றிவந்து இறுக்கினால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து கோணலாகும். இறுக்கிய பின் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு அங்குலம் உள்ளே மெல்லத் தட்டிப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கீழ்த் தோல் மேல் தோலைவிட மிகவும் மெல்லியது. ட்றம்மைச் சீமெந்துத் தரையில் அப்படியே வைப்பதால்தான் அது முதலில் கிழிகிறது. எங்கள் உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடித்து இறுகிவிடும். தவணைக்கொரு தடவை கழற்றித் துடைத்துச் சிறிது வாஸ்லீன் பூசினால் போதும்.

மிருதங்கம் பயின்ற பிள்ளைகள் பல பாடசாலைகளில் இருக்கிறார்கள். இந்தத் துறைக்கு வரத் தகுந்தவர்கள் அவர்களே என்பது என் உறுதியான எண்ணம். ஓர் அடிக்குள் ஐந்தையும் ஏழையும் சமமாகப் பிரிப்பது மேலைத்தேய மாணவருக்குப் பெரும்பாடு. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையும் ஏழாகப் பிரிக்கும் மிஸ்ர நடையும் கொன்னக்கோலில், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களில், சொல்லிப் பழகியவருக்கு அது கைவந்த விடயம். அவர்கள் புதிதாகப் பழக வேண்டியவையும் உண்டு. மிருதங்கக்காரர் பாடகரைக் கேட்டு வாசிப்பார். இசைக்குழுவில் தாளவாத்தியம் பின்வரிசையில் இருக்கிறது. 15 மீற்றர் முன்னே இருக்கும் வயலினின் ஒலி வந்துசேர ஏறத்தாழ 0.04 செக்கன் ஆகும். அதைக் கேட்டு அடித்தால் சபையோருக்கு இன்னும் பிந்திக் கேட்கும். காதை மட்டும் நம்பாமல் நடத்துனரின் கோலைப் பார்த்து அடிக்க வேண்டும். எண்பது பார் (தாளச் சுற்று) சும்மா இருந்து, எண்ணிக்கொண்டே வந்து, ஒரேயொரு சிம்பல் அடியைச் சரியான இடத்தில் வைப்பதும் இந்தத் தொழிலின் பாதி.

குச்சியை இறுக்கிப் பிடிப்பது இன்னொரு குறை. பெருவிரலும் சுட்டுவிரலின் முதல் மூட்டும் சந்திக்கும் இடத்தில் குச்சி தொங்கிநிற்க வேண்டும். மற்ற விரல்கள் தாங்கினால் போதும். இறுக்கினால் குச்சி துள்ளாது, தொடர்ந்து ஒலிக்க வேண்டிய உருட்டு விட்டுவிட்டுக் கேட்கும், மணிக்கட்டும் நோகும். வேகம் காட்டும் கருவியான மெற்றனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, பலகையில் ஒட்டிய றப்பர் தட்டில் ஒவ்வொரு கையாலும் இரண்டிரண்டு அடி அடித்துப் பழகலாம். வேகம் பிறகு வரும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928 இல் எழுதிய ‘பொலேரோ’ என்ற இசைக்குழுப் படைப்பில் சைட் ட்றம் இரண்டு பார் நீளமான ஒரே தாளத்தை 169 தடவை வாசிக்கிறது. தொடக்கத்தில் மெல்லிய ஒலியும் மாறாத வேகமும் கடைசிவரை தாங்கும் கையும் வேண்டும் என்பதால் தெரிவுத் தேர்வுகளில் அதைக் கேட்பார்கள்.

தொழில் வாய்ப்பு குறைவுதான். பெரிய இசைக்குழுவிலும் நிரந்தரத் தாளவாத்தியக்காரர் நாலைந்து பேரே. உலகெங்கும் இவர்களில் பலர் கற்பித்தலையும் சேர்த்தே வாழ்கிறார்கள். இங்கே கொழும்பில் 1958 இல் தொடங்கிய இலங்கை சிம்பனி இசைக்குழு இருக்கிறது. அங்கே போகுமுன் சுரம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை கருவி வாங்கும் சங்கங்கள் ட்றம் ஒவ்வொன்றுக்கும் மேலதிக மேல் தோல் ஒன்று, கீழ்த் தோல் ஒன்று, சாவி இரண்டு, தாங்கி ஒன்று ஆகியவற்றையும், சுரம் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு வருடக் கொடுப்பனவையும் விலைப்பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாளவாத்திய ஆசிரியர்,
கோண்டாவில்.