உதவி வழங்கும் துறையும் உரிமைக்கு வாதாடும் அலுவலகமும் தனித்தனியாக இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் சார்பில் அரசுத் துறைகளிடம் பேசவும், தேவைப்பட்டால் அத்துறைகளுக்கு எதிராகவே வாதாடவும் அதிகாரம் பெற்ற ஓர் அலுவலகத்தை அரசே நிறுவ வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், "அதற்குத்தான் நலத்துறை இருக்கிறதே" என்ற பதில் வந்துவிடுகிறது. பார்வையற்ற நண்பர்களுக்கும் அவர்கள் வழியே அறிமுகமான பிறருக்கும் நெடுங்காலமாக மனு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தப் பதில் ஏன் போதாது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நலத்துறையின் வேலை வழங்குவது. சான்றிதழ், உதவித்தொகை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி ஆகியவற்றை உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பது பெரும்பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த உதவித்தொகை ஒரு நாள் காரணம் சொல்லாமல் நிறுத்தப்பட்டால், பாதிக்கப்பட்டவர் மனுவை எடுத்துக்கொண்டு நிறுத்திய அலுவலகத்துக்கேதான் போக வேண்டியிருக்கிறது. முடிவெடுத்தவரே அம்முடிவின் மீதான முறையீட்டையும் விசாரிக்கும் ஏற்பாட்டில், அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நியாயம் கிடைப்பது அவருடைய மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நான் எழுதிய மனுக்களில் பெரும்பாலானவை நலத்துறைக்கு உரியவையே அல்ல. போக்குவரத்து, கல்வி, காவல், மருத்துவமனை, வங்கி, தேர்தல் என்று வேறு இடங்களைச் சேர்ந்தவை. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் நலத்துறை அதிகாரி சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு கடிதம் எழுதுவார். பதில் வராவிட்டால் நினைவூட்டல் எழுதுவார். அதற்குமேல் அவருக்கு அதிகாரம் இல்லை.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதிகள் ஏற்றுக்கொண்ட அளவு. அதன்படி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வாசல் உள்ள கட்டடத்துக்கு 36 அடி நீளச் சாய்தளம் தேவை; நடுவில் நின்று இளைப்பாறச் சமதளமும் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? படிக்கட்டின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் பத்தடிக்கு ஒரு சரிவு பூசப்பட்டு, வழவழப்பான ஓடும் பதிக்கப்பட்டு, "சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது" என்று கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. அதில் தனியாக ஏற முயலும் சக்கர நாற்காலி பின்னோக்கிச் சரிகிறது. இரண்டு பேர் தள்ளினால்தான் மேலே போகிறது. இறங்கும்போது அந்த இருவரும் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கட்டி முடித்தபின் முறையிட்டால் இடித்துக் கட்ட நிதியில்லை என்கிறார்கள்; அவர்கள் சொல்வதும் உண்மைதான். வரைபடம் ஒப்புதலுக்கு வரும் கட்டத்திலேயே அதைப் பார்த்து, சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரின் கருத்தையும் பெற்று, திருத்தும்படி சொல்லும் அதிகாரம் ஓர் அலுவலகத்துக்கு இருந்திருந்தால் இந்தச் செலவும் இல்லை, அவமானமும் இல்லை.

காவல் நிலையத்தில் நேர்வது இதைவிடக் கொடியது. காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண் வன்முறைக்கு ஆளாகிப் புகார் கொடுக்க வரும்போது, சைகைமொழி தெரிந்தவர் யாரும் அங்கே இல்லையென்றால், உடன் வந்த உறவினரே அவருடைய வாக்குமூலத்தை எடுத்துச் சொல்லும் நிலை ஏற்படுகிறது. குற்றம் செய்தவர் அந்த வீட்டைச் சேர்ந்தவராகவே இருந்தால், அந்த வாக்குமூலத்தில் எது எஞ்சும்? இத்தகைய நேரத்தில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை உடனே அனுப்பவும், அவர் வரும்வரை வாக்குமூலம் பதியக் கூடாது என்று வலியுறுத்தவும் பொறுப்பேற்க ஓர் அரசு அலுவலகம் வேண்டும். அதைத் தன்னார்வலர்களின் தொலைபேசி எண்களை நம்பி விட்டுவிட முடியாது.

இந்தக் கோரிக்கை புதிதும் அன்று. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2006 டிசம்பரில் ஏற்று, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு இரண்டு ஏற்பாடுகளைப் பிரித்தே கேட்கிறது. ஒன்று, உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவதற்கு அரசுக்குள்ளேயே பொறுப்பு மையம். மற்றொன்று, அது நடைமுறைக்கு வருகிறதா என்று கண்காணித்து உரிமைகளைக் காக்கும் சுதந்திரமான அமைப்பு. அந்தக் கண்காணிப்பில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செய்பவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள்.

இதை அமெரிக்கா மிகக் கசப்பான அனுபவத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் வில்லோபுரூக் அரசு விடுதியில் அறிவுசார் குறைபாடுள்ள சிறுவர்களும் பெரியவர்களும் அளவுக்கு மீறி அடைத்துவைக்கப்பட்டு, உடையும் பராமரிப்பும் இன்றிக் கிடந்த காட்சியை 1972இல் தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. அந்த விடுதியை நடத்தியது அரசே. அதற்குப் பிறகு, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்புக்கும் அவர்கள் சார்பில் வாதாடுவதற்கும் உரிய ஓர் அமைப்பு ஏற்பட வகை செய்யப்பட்டது. சேவை வழங்கும் எந்த நிறுவனத்தையும் அது சாராமல் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. விடுதிகளுக்குள் நுழைந்து பார்க்கவும், அங்கிருப்பவர்களிடம் பேசவும், பதிவேடுகளைக் கேட்டுப் பெறவும், நீதிமன்றம் செல்லவும் இன்று அவ்வமைப்புகளுக்கு உரிமை உண்டு. வில்லோபுரூக் 1987இல் மூடப்பட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரால் மனு எழுத முடியாது என்பதால், மனு வரட்டும் என்று காத்திராமல் உள்ளே செல்லும் அதிகாரத்தையே இவை எல்லாவற்றிலும் முதன்மையானதாக நான் கருதுகிறேன்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரும் மாநில ஆணையர்களும் தாமாகவே முன்வந்து விசாரிக்க இடமுண்டு. விசாரணைக்காக உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களும் அவர்களுக்கு உள்ளன. அவர்களுடைய பரிந்துரையைப் பெறும் துறை 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லியாக வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் மௌனமாக இருப்பதே துறைகளின் வழக்கமான பதில். எனினும் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிடுகிறது. மறுக்கப்பட்ட பரிந்துரைகள் அனைத்தும், மறுத்த துறையின் பெயருடன், ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டு விவாதிக்கப்படும் என்ற நிலை வந்தால், கோப்பை எளிதில் தள்ளிவிட எந்த அதிகாரியும் தயங்குவார்.

மனித உரிமை ஆணையத்திடமே இப்பொறுப்பையும் கொடுத்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. சுவீடனில் 1994 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் குறைகேள் அதிகாரி இருந்தார். 2009இல் அவ்வலுவலகம் பாகுபாட்டுக்கு எதிரான பிற அலுவலகங்களுடன் இணைக்கப்பட்டது. இணைப்பதால் சட்ட வலிமை கூடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே தேவைப்படுவது சட்ட அறிவு மட்டுமில்லை. பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் ஓர் இணையதளத்தின் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது, படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் பக்கத்தை அவர் ஏன் தாண்ட முடிவதில்லை, மூளைமுடக்குவாதம் உள்ள மாணவருக்குத் தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம் வேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அன்றாடம் அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. பல பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்தால் இது கடைசி அடுக்குக்குப் போய்விடும் என்பதே என் அச்சம்.

ஆகவே அந்த அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பும் பணியிடங்களில் கணிசமான பகுதியும் மாற்றுத்திறனாளிகளுக்கே உரியனவாக இருக்க வேண்டும். அதன் நிதி நலத்துறையின் ஒதுக்கீட்டிலிருந்து வராமல் சட்டமன்றத்தின் நேரடி ஒப்புதலில் வர வேண்டும். நலத்துறைச் செயலருக்கே கூடுதல் பொறுப்பாக அப்பதவியைக் கொடுப்பதைச் சட்டமே தடுக்க வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகவும், பேச இயலாதவர் காணொளியில் சைகைமொழியிலும் முறையிடலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவரின் வீட்டுக்கு அலுவலர் செல்ல வேண்டும். செலவு அதிகம் என்ற ஆட்சேபம் வரும். உலகில் 130 கோடிப் பேர், அதாவது 6 பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்துள்ளது. இத்தனை பேருக்கான அலுவலகத்தைச் சலுகைச் செலவாகக் கருதுவது முறையாகாது.

இறுதியாக, அரசு இதற்கெனச் சட்ட முன்வரைவு ஒன்றைத் தயாரிக்குமானால், அவையில் வைப்பதற்கு முன்பே அதைப் பிரெய்லிலும், ஒலி வடிவிலும், சைகைமொழிக் காணொளியாகவும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் புரிந்துகொள்ளும் எளிய நடையிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்லப் போதிய அவகாசம் அளிக்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்