குதிருக்குப் பின்னால் போன விளக்கு

அன்புள்ள அக்கா,

ஜிம் லவல் இறந்துவிட்டார். 2025 ஆகஸ்ட் 7, வயது 97. ஃபிராங்க் போர்மன் 2023-இல் போனார், பில் ஆண்டர்ஸ் 2024-இல். முதன்முதலாக நிலாவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 விண்கலத்தில் போன மூன்று பேரில் இப்போது ஒருவரும் இல்லை. செய்தியைப் பார்த்ததும் உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்பா காரியத்துக்குப் பிறகு நாம் பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

1984-இல் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாது. வேண்டுமென்றேதான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்: அந்த ராக்கெட்டைச் செய்தது என் அக்கா. நான் இல்லை.

ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போன வருஷம். பள்ளிக் கண்காட்சிக்கு எல்லாப் பையன்களும் அவர் போன சோயுஸ் செய்தார்கள். நீ அப்பல்லோ 8-ஐத் தூக்கிப் போன ராக்கெட், சாட்டர்ன் ஃபைவ்தான் என்றாய். முந்தைய ஆளில்லாப் பயணத்தில் இரண்டு என்ஜின்கள் நடுவில் நின்றுபோயின, அப்படியும் அடுத்த தடவையே மூன்று பேரை ஏற்றி நிலாவுக்கு அனுப்பினார்கள், அந்தத் துணிச்சலுக்காகவே என்றாய். 110 மீட்டரை 110 சென்டிமீட்டராக்கினாய். சார்ட் பேப்பர், மைதாப் பசை, உச்சியில் ஊதுபத்திக் குச்சி.

எனக்கு நினைவில் நிற்பது கண்காட்சி இல்லை. அதற்கு முந்தைய ராத்திரி. கரண்ட் இல்லை. நான் ஊஞ்சலில் உட்கார்ந்து ஹூஸ்டன், தரையிலிருக்கிற கட்டுப்பாட்டு அறை. நீ அரிக்கேன் விளக்கோடு கப்பல், தாழ்வாரத்து நெற்குதிர் நிலா. "அந்தப் பக்கம் போனா ரேடியோ கிடைக்காது. அங்கேதான் என்ஜினைப் போட்டு வேகத்தைக் குறைக்கணும், நாலு நிமிஷம். அதிகமா எரிஞ்சா நிலாவுல மோதிடுவோம். நீ கூப்பிட்டுக்கிட்டே இரு, நான் பதில் சொல்ல மாட்டேன்." விளக்கு குதிருக்குப் பின்னால் போனது. சுவரில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. திரியை இறக்கிவிட்டாய் போல. "அப்பல்லோ எட்டு, அப்பல்லோ எட்டு." நெல் வாசனை. எங்கோ பல்லி. நூறு வரை எண்ணுவதற்குள் அழுதுவிட்டேன். நீ வெளியே வந்து, தாவணி நுனியால் என் மூக்கைத் துடைத்து, "எரிஞ்சு முடிஞ்சுது ஹூஸ்டன்" என்றாய்.

மறுநாள் நடுவர் ஏன் மூன்று அடுக்கு என்றார். "தீர்ந்த தொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாது சார்." உன் வாக்கியம். "நீயே செஞ்சியா?" பக்கத்தில் அப்பா. ஆமாம் என்றேன். வாசல் தூணருகே நீ நின்றதையும் பார்த்தேன்.

எனக்கு 11 வயது. பையன்கள் பள்ளி, உன் பேரைக் கொடுக்க முடியாது. எல்லாம் நிஜம்தான். "அக்கா செஞ்சது சார்" என்று சொல்லியிருக்கலாம், அதுவும் நிஜம். மன்னித்துவிடு.

அடுத்த வருஷம் உன் படிப்பு விஷயமாக வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். பெரியவர்கள் இருக்கிறார்கள், உன் பிள்ளைகளும் படிப்பார்கள். எனக்குத் தெரிந்ததை நேரில் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பரிசாகக் கொடுத்த அந்தக் கோப்பையைத் திருநீறு போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்தது நீதானே? "விடுடா" என்றாய். நீயும் விட்டுவிட்டாய் என்று நம்பினேன். இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்தில், ஊரே நிற்க, "ராக்கெட் விட்டவரு வந்துட்டாரு" என்றாயே. இரண்டு விமானம் மாறி ஓடி வந்தவனிடம். அப்பா முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, அக்கா.

லவல் ஒரு தப்பு செய்தார். நாம் படித்த கிளை நூலகப் புத்தகத்தில் அது இல்லை. திரும்பும் வழியில், தூக்கம் கெட்டு, நட்சத்திரம் 01 என்று தட்ட வேண்டியவர் நிரல் 01 என்று தட்டிவிட்டார். கப்பல் இன்னும் ஏவுதளத்தில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது, எந்தத் திசையில் இருக்கிறோம் என்ற கணக்கு அழிந்தது. மென்பொருள் எழுதிய மார்கரெட் ஹாமில்டன் இதை முன்பே பயந்து தடுப்பு வைக்கக் கேட்டிருக்கிறார். விண்வெளி வீரர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். லவல் ரைஜெல், சிரியஸ் நட்சத்திரங்களைக் கருவியில் பிடித்துத் திசையைச் சரிசெய்தார். நடந்ததை மறைக்காமல் ஹூஸ்டனுக்குச் சொன்னார்கள். எனக்கு 41 வருஷம் ஆனது.

நான் வேலைக்கு வந்த இந்த ஹூஸ்டனில் ஒரு சாட்டர்ன் ஃபைவ் படுத்திருக்கிறது. வந்த முதல் வாரமே போனேன். கடலைப் பொட்டலம் மாதிரி சுருட்டி நுனி வெட்டினாயே, அந்த ஐந்து கூம்புகளும் நிஜத்தில் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயர வாய். இரண்டரை நிமிஷத்தில் 2,000 டன்னுக்கு மேல் குடிக்கும் முதல் அடுக்கு. நாற்பது படம் எடுத்தேன். ஒன்றுகூட உனக்கு அனுப்பவில்லை. திமிர் என்று நினைத்திருப்பாய். அந்த மூன்று அடுக்குகளும் பறப்பதற்காகவே செய்தவை. பயணங்களை ரத்து செய்துவிட்டார்கள், ஒரு தடவைகூட மேலே போகவில்லை. அதை உனக்கு எப்படி எழுதுவேன்?

பொங்கலுக்கு வருகிறேன். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, கொண்டுவருகிறேன். ஞாயிறு காலை, உனக்கு ஏழு மணி, போன் பண்ணுவேன். நீ எடுக்கிற வரைக்கும் கூப்பிடுவேன்.

தம்பி