தோட்டத்து ரயில் இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

பினாங்கில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது, 1936-இல் அது நின்றது, மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடிய டிராலி பஸ்ஸும் 1961-இல் போய்விட்டது என்று பேரனிடம் சொன்னால், "அது எங்க இருக்கு தாத்தா, ஏறலாமா?" என்கிறான். என்னத்தைக் காட்டுவது?

இங்கிலாந்தில் கிரிச் என்ற ஊரில், பழைய கல் குவாரியில், டிராமுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சும்மா நிறுத்தி வைக்காமல் தண்டவாளம் போட்டு ஓட்டுகிறார்கள். உள்ளே போனதும் ஒரு பழைய பென்னி காசு தருவார்கள், அதைக் கண்டக்டரிடம் கொடுத்து ஏற வேண்டும் (நம் ஆட்கள் காசைப் பையில் போட்டுக்கொள்வார்கள், அது வேறு கதை). அங்கே வேலை செய்பவர்களில் பலர் தொண்டூழியர்கள்.

சரி, நமக்கு டிராம் வேண்டாம். இந்த வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிப்போன சின்ன ரயிலில் தொங்கிக்கொண்டு போய் தண்டலிடம் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) அடி வாங்கியவன் நான். நான் வளர்ந்த தோட்டத்தில் அந்த இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எங்காவது ஒன்று மிச்சம் கிடந்தால் துருவைச் சுரண்டி, ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அரை மைலாவது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட விடுங்களேன். டீசலுக்கு என் பங்கு 50 வெள்ளி.

தோட்டத்துப் பிள்ளை,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்