எடுத்தவர் பெயரும் எடுத்த தேதியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் கென்னடி குடும்பத்தின் கோடை விடுமுறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஹையானிஸ் போர்ட் கடற்கரையில் எடுத்த வண்ணப் படச்சுருள்களை, குடும்பத்தார் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்ட படங்கள் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கென்னடி அதிபராக இருந்த 1961 முதல் 1963 வரை அவரையும் அவர் குடும்பத்தையும் படம்பிடிப்பதையே வேலையாகச் செய்த படைவீரர்கள் இருந்தார்கள். ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த செசில் ஸ்டோட்டன் ஒருவர். கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் நட்சன் இன்னொருவர். டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட நாளன்று விமானத்துக்குள் துணை அதிபர் ஜான்சன் அதிபராகப் பதவியேற்றதைப் படமெடுத்ததும் இதே ஸ்டோட்டன்தான். அமெரிக்க அரசு ஊழியர் பணி நிமித்தம் எடுக்கும் படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகம் இத்தனை காட்சிகளை நமக்குத் திறந்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எடுத்தவர்களின் பெயரைக்கூடச் சொல்லாமல் விடுவது நியாயமா?

கோல்ஃப் வண்டியைக் கென்னடி ஓட்ட, உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் அதில் தொற்றிக்கொண்டு போகும் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1961 டிசம்பரில் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த தந்தை ஜோசப் கென்னடி சக்கர நாற்காலியில் இருக்கிறார். மகன் குனிந்து முத்தமிடுகிறார். பிள்ளைகளை அரசியலுக்குள் தள்ளிவிட்ட அந்தப் பிடிவாதக்காரரால் ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை. 

ஒரு படத்தின் கீழே ‘கவலையறியாக் கோடை, 1963’ என்று போட்டிருந்ததைப் பார்த்து மனம் கனத்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று, ஹையானிஸ் போர்ட் இருக்கும் அதே கேப் காட் பகுதியின் ஓடிஸ் விமானப்படைத் தள மருத்துவமனையில், ஐந்து வாரங்களுக்கும் மேல் குறைமாதத்தில் கென்னடியின் மகன் பாட்ரிக் பிறந்தான். நுரையீரல் கோளாறால் ஆகஸ்ட் 9 அன்று இறந்துபோனான். கென்னடியும் மனைவி ஜாக்குலினும் இரண்டு பிள்ளைகளோடும் வீட்டு நாய்களோடும் அமர்ந்திருக்கும் ஸ்டோட்டனின் புகழ்பெற்ற நிழற்படம் ஆகஸ்ட் 14 அன்று எடுக்கப்பட்டது. குழந்தையைப் பறிகொடுத்து ஐந்தே நாள். தேதி தெரியாதவர் கண்ணுக்கு அது நாய்க்குட்டிகளோடு கொஞ்சும் விடுமுறைப் படம். தெரிந்தவர் அந்தத் தாயின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

தொலைக்காட்சிகள் செய்வது இன்னும் மோசம். ஒலியில்லாத இக்காட்சிகளை மெதுவாக ஓடவிட்டு, சோக இசையைச் சேர்த்து, அடுத்த நொடியே டல்லாஸுக்குத் தாவிவிடுகிறார்கள். வரப்போகும் சாவுக்கு முன்னுரையாகவே அந்தக் கடற்கரை நாட்கள் ஆகிவிடுகின்றன. படம்பிடித்தவர்களுக்கோ, அதில் சிரித்தவர்களுக்கோ நவம்பரில் நடக்கப்போவது தெரியாது. வெட்டாமல், ஒட்டாமல், எடுத்த வேகத்திலேயே காட்டினால்தான் அது ஆவணம்.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது எடுத்தவர், இடம், தேதி மூன்றையும் கீழே அச்சிடுங்கள். அடுத்த இதழில் ஸ்டோட்டன், நட்சன் ஆகிய இருவர் பெயரையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி.