கல் ஊன்றிய நிலம்

அன்பு மகன் சாமுவேலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகமாயிருக்கிறேன். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிணற்றடி நிலம் 8 சென்ட்டையும், சென்ட் 60,000 ரூபாய் என்று தையல் அக்காவிடம் பேசி முடித்தவன் நீ. "அக்கா, இடம் உங்களுக்குத்தான்" என்று நீ சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன்னை நம்பித்தான் நான் அச்சாரம் வாங்கினேன். இப்போது புறவழிச் சாலை வருகிறது என்ற பேச்சில், சென்ட் ஒரு லட்சத்துக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று தரகர் உனக்குச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லையே, அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கேட்டால் அம்மாவுக்கு விற்க மனமில்லை என்று சொல்லிவிடலாம் என்கிறாய்.

ஐயா, எனக்கு விற்க மனமிருக்கிறது. என் பெயரில் ஒரு பொய்யை அந்த வீட்டுக்கு அனுப்பாதே.

இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் 3,20,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. உன் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எனக்குத் தெரியாதவையா? ஓய்வுநாள் பள்ளியில் நீ பார்க்காமல் சொன்ன 15ஆம் சங்கீதத்தை எடுத்து வாசி. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுவிட்டு, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று தாவீது அடையாளம் சொல்கிறார். நஷ்டம் வரும் என்று தெரிந்துதான் அதை எழுதியிருக்கிறார். லாபம் இருக்கும்வரை சொல் தவறாமலிருக்க விசுவாசம் எதற்கு? அதை எந்த வியாபாரியும் செய்வான்.

நீ ஆணையிடவில்லை, போனில் பேசியதுதான் என்று சொல்வாய். ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் அந்த வாசலையும் அடைத்துவிட்டார். சத்தியமே பண்ணவேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்றார். அவருடைய பிள்ளைகளுக்குச் சாதாரணப் பேச்சும் ஆணையும் ஒரே எடைதான்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். கிபியோன் ஊரார் ஏமாற்றுக்காரர்கள். பழைய செருப்பும் பூசணம் பூத்த அப்பமும் கொண்டுவந்து, தூரதேசத்தார் என்று சொல்லி, யோசுவா நடத்திவந்த இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. இஸ்ரவேல் ஜனங்கள் முறுமுறுத்தார்கள். ஆனாலும் கர்த்தரின் பேரில் ஆணையிட்டுவிட்டோம், தொடக்கூடாது என்று பிரபுக்கள் நின்றார்கள். ஏமாற்றி வாங்கிய வாக்குக்கே அவ்வளவு மதிப்பு! அடுத்த அதிகாரத்தில் ஐந்து ராஜாக்கள் கிபியோன்மேல் படையெடுத்து வந்தபோது, யோசுவா கில்காலிலிருந்து இராமுழுவதும் நடந்துபோய் அவர்களைக் காப்பாற்றினான். சூரியன் தரித்து நின்றது அந்த யுத்தத்தில்தான். அதே வாக்கைப் பிற்காலத்தில் சவுல் ராஜா மீறினான். அதற்காகத் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. தலைமுறைகள் கடந்தும் கர்த்தர் மறக்கவில்லை.

தையல் அக்கா உன்னை ஏமாற்றவும் இல்லை. சர்வேயரை அழைத்துவந்து அளந்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். ஜன்னலோரம் மெஷின் போட இவ்வளவு இடம் வேண்டும் என்று வெறுந்தரையில் காலால் கோடு கிழித்து எனக்குக் காட்டினார். அச்சாரப் பணம் செயினை அடகு வைத்து வந்தது.

நம் சபையில் பொருத்தனை என்றால் நாள் தவறுவதில்லை. பிள்ளை பிறந்தால் இதைத் தருகிறேன், பரீட்சையில் தேறினால் அதைத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டதை அறுப்பின் பண்டிகைக்குத் தலையில் சுமந்தாவது கொண்டுவந்துவிடுகிறார்கள். கொத்தனாருக்குச் சொன்ன கூலியை மட்டும் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிக்கிறார்கள். எனக்கு இது பொறுப்பதில்லை. கடவுளுக்குச் சொன்னதற்கு ஒரு நியாயம், அயலானுக்குச் சொன்னதற்கு ஒரு நியாயமா?

இனி ஆகவேண்டியதைப் பார். உனக்குப் பதிலாக நான் கிரயம் எழுதிக்கொடுக்க, பவர் பத்திரத்தில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்று வாங்கி என் பெயருக்கு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டவேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அரசாங்கம் வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு குறைவு, அதையே காட்டிக் கிரயம் எழுதலாம் என்று தரகர் சொல்கிறார். வேண்டாம். 4,80,000 ரூபாயையும் அப்படியே எழுதுவோம். அதனால் தையல் அக்காவுக்குக் கூடுகிற செலவில் பாதியை என் பென்ஷனிலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தையல் அக்கா நம் வீட்டுக்கு வருவார். நீயே போனில் கூப்பிட்டு, எந்த மாதம் பதிவு என்று அவரிடம் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அம்மா